எட்டு மில்லி கரியும் ஒரு குடோனும்

எங்கள் வேலை பெட்டி மடிப்பதில் தொடங்கும். துருப்பிடிக்காத எஃகு வலை. தொட்டால் துணி மாதிரிதான் இருக்கும். அதன் கண் ஒவ்வொன்றும் 0.045 மில்லிமீட்டர், தலைமுடிகூட நுழையாது. அச்சுத்தாள் வைத்து வெட்டி, நாலு பக்கமும் மடக்கி, மூலைகளை மெல்லிய கம்பியால் கட்டினால் மேலே திறந்த சின்னப் பெட்டி ஒன்று கிடைக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 20 மில்லிமீட்டர். என் பாட்டி பனையோலையில் கொட்டான் முடைவார். முதல் நாள் அந்த வலையை மடித்தபோது பாட்டியின் விரல்கள்தான் நினைவுக்கு வந்தன. மூலை பிசகினால் கொட்டான் கோணலாகிவிடும் என்று அவர் சொன்னது இதற்கும் பொருந்தும். பெட்டி கோணினால் கொள்ளளவு மாறும். கொள்ளளவு மாறினால் முடிவு மாறும்.

பெட்டி எட்டு மில்லி கொள்ளும். சோதிக்க வேண்டிய தூளைப் போட்டு, மெல்லத் தட்டி, அது இறங்க இறங்க மேலும் போட்டு விளிம்புவரை நிரப்ப வேண்டும். விரலால் அழுத்தக் கூடாது. பிறகு இரண்டு லிட்டர் அளவுள்ள ஓவனின் நடுவில் தொங்கவிட வேண்டும். ஒரு தெர்மோகப்பிள் தூளின் நட்டநடுவில், இன்னொன்று பெட்டிக்கும் ஓவன் சுவருக்கும் இடையில். நிமிடத்துக்கு அரை டிகிரி வீதம் ஓவனைச் சூடேற்றிக்கொண்டே போக வேண்டும். அறை வெப்பத்திலிருந்து 400 டிகிரியை எட்டப் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஏற்றினால் விடிகாலையில் முடியும். அதனால் இந்தச் சோதனை எங்கள் ஆய்வகத்தில் எப்போதும் இரவு ஷிப்டின் வேலையாகவே இருந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சோதனை முறைகளில் இதற்கு ஏ.16 என்று பெயர். திடப்பொருள்களின் ஒப்பீட்டுத் தன்தீப்பற்று வெப்பநிலை. தீக்குச்சி இல்லை, தீப்பொறி இல்லை. சூடு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பொருள் தானாக எப்போது பற்றிக்கொள்கிறது என்று பார்க்கிறோம். அந்தப் பெயரில் ‘ஒப்பீட்டு’ என்ற சொல் சும்மா வந்து உட்காரவில்லை. ரிப்போர்ட்டில் அதை நாங்கள் அச்சடித்துத்தான் கொடுப்போம். ஆனால் வாங்குகிறவர் கண்ணில் எண் மட்டுமே படும். அந்தச் சொல்லைத் தவறவிட்டதால் என்ன நடக்கும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு கரி வியாபாரி.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், ஓவனுக்குள் நடப்பதைச் சொல்லிவிட வேண்டும். கணினித் திரையில் இரண்டு கோடு வரும். ஓவனின் கோடு, கொத்தனார் நூல் பிடித்ததுபோல நேராக ஏறும். தூளின் கோடு அதற்குச் சற்றுக் கீழே, பின்தொடர்ந்து வரும். பொருளில் ஈரம் இருந்தால் 100 டிகிரி பக்கம் அது நின்றுவிடும்; தண்ணீர் ஆவியாகித் தீரும்வரை நகராது. அப்புறம் மறுபடி ஏறத் தொடங்கும். பற்றாத பொருள் என்றால் கடைசிவரை அப்படியே பின்னால் வந்து முடியும். பற்றுகிற பொருள் என்றால் ஏதோ ஓரிடத்தில் தூளின் கோடு ஓவனின் கோட்டைத் தொட்டு, மேலே தாண்டும். அதுவரை வெளியிலிருந்து சூடு வாங்கிக்கொண்டிருந்த பொருள், தானே சூடு உண்டாக்கத் தொடங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம். இந்த இடத்தில் நான் டீ குடிக்கப் போனதில்லை. முதலில் ஒரு டிகிரி, இரண்டு டிகிரி வித்தியாசம் காட்டும். பத்து நிமிடத்தில் பத்து டிகிரி ஆகும். பிறகு கோடு செங்குத்தாக நிமிரும். தூளின் நடு 400 டிகிரியைத் தொடுகிற கணத்தில் ஓவன் எத்தனை டிகிரியில் இருந்ததோ, அதுதான் ரிப்போர்ட்டில் ஏறும் எண்.

2007 ஜூன் 1 அன்று ஐரோப்பாவில் ரீச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அங்கே ஓராண்டில் ஒரு டன்னோ அதற்கு மேலோ போகும் ரசாயனங்களைப் பதிவு செய்தாக வேண்டும்; பதிவுக்குக் கேட்கும் தகவல்களில் இந்த வெப்பநிலையும் ஒன்று. முதல் கெடு 2010 நவம்பர் 30. சாயப்பொருள், பூச்சிமருந்து மூலப்பொருள், மருந்து இடைநிலைப்பொருள் என்று அந்த ஆண்டுகளில் சாம்பிள் வந்து குவிந்தது. ஒரே இரவில் மூன்று ஓவனை ஓட்டியிருக்கிறேன்.

எல்லாத் தூளையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிவிட முடியாது. வெடிக்கும் குணமுள்ளதை ஓவனில் வைக்கவே கூடாது. காற்றுப் பட்டதுமே பற்றுவதையும் கூடாது. வேதி வாய்ப்பாட்டில் நைட்ரோ தொகுதிகளைக் கண்டால் முதலில் சில மில்லிகிராம் எடுத்து வேறு கருவியில் சூடேற்றிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வோம். உருகும் பொருள் என்றால் வலை வழியே ஒழுகிவிடும். சோதனை உருகுநிலையோடு முடிந்துவிடும். ‘உருகுநிலைவரை தானாகத் தீப்பற்றவில்லை’ என்று எழுதிக் கொடுப்போம். அதைப் ‘பற்றவே பற்றாது’ என்று படித்தவர்களும் உண்டு.

இனி அந்தக் கரி வியாபாரிக்கு வருகிறேன். காங்கேயம் பக்கத்துக்காரர். தேங்காய் ஓட்டைச் சென்னையில் கொட்டாங்குச்சி என்பார்கள். என் ஊரில் சிரட்டை. அவர் ஊரில் தொட்டி. அந்தத் தொட்டியைச் சுட்டு எடுப்பது தொட்டிக்கரி. உலகம் முழுக்கத் தண்ணீர் சுத்திகரிப்புக்கும் தங்கம் பிரித்தெடுக்கவும் பயன்படும் ஆக்டிவேட்டட் கார்பனுக்கு நல்ல மூலப்பொருள் இது. வெளிநாட்டில் வாங்குகிறவர் பாதுகாப்புத் தாளில் நிரப்புவதற்கு இந்த எண்ணைக் கேட்டாராம். பாலித்தீன் பையில் ஒரு கிலோ கரித்தூள் பார்சலில் வந்தது. ஏ.16 செய்தேன். 238 டிகிரி. ரிப்போர்ட் அனுப்பினேன். மறந்தும் போனேன்.

நான்கு மாதம் கழித்து அவர் நேரிலேயே வந்து நின்றார். கையில் என் ரிப்போர்ட், நாலாக மடித்தது.

“சார், 238 டிகிரின்னு நீங்கதானுங்க எழுதிக் குடுத்தீங்க. என்ற குடோன்ல நாப்பது டிகிரிக்கு மேல போயிருக்காதுங்க. அப்புறம் எப்படிங்க பத்துச்சு?”

மழைக்காலம் என்று, சுட்ட கரியை உடனுக்குடன் குடோனுக்குள் கொட்டியிருக்கிறார்கள். ஆள் உயரத்துக்கு மேல் குவியல். ஐந்தாம் நாள் ராத்திரி காவல்காரர் புகை வாசனை பிடித்துக் கதவைத் திறந்தபோது குவியலின் உள்ளே சிவந்திருந்தது. யாருக்கும் காயமில்லை. கூரையும் சரக்கும் போயின. அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். சோதனை முறைப்படி என் ரிப்போர்ட்டில் ஒரு தவறும் கிடையாது. ஆனாலும் அந்த மனிதர் முகத்தைப் பார்த்து ‘முறைப்படி சரி’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வைக்கோல் போர் போட்டவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். காயாத வைக்கோலைப் போராக அடைந்துவிட்டால் உள்ளே சூடு பிடிக்கும். கையை விட்டால் சுடும். அதே வைக்கோலைக் களத்தில் பரப்பி வைத்தால் சூடே இருக்காது. வைக்கோலில் சூட்டைத் தொடங்கிவைப்பவை நுண்ணுயிர்கள். கரியில் அந்த வேலையைச் செய்வது காற்றிலுள்ள ஆக்சிஜன். எதுவாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்: சூடு உண்டாவது பொருள் முழுவதிலும், வெளியேறுவது மேற்பரப்பு வழியாக மட்டும். என் 20 மில்லிமீட்டர் பெட்டியில் எட்டு கனசென்டிமீட்டர் கரிக்கு 24 சதுரசென்டிமீட்டர் மேற்பரப்பு, அதாவது ஒன்றுக்கு மூன்று. பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் என்று பெட்டியைப் பெரிதாக்கினால் ஒன்றுக்கு 0.6. மூன்று மீட்டர் கனசதுரக் குவியல் என்றால் 0.02. என் பெட்டியைவிட 150 மடங்கு குறைவு. உள்ளே பிறக்கும் சூட்டுக்கு வெளியேற வழியில்லை. சூடு தங்கத் தங்க ஆக்சிஜனோடு கரி சேரும் வேகம் கூடும். வேகம் கூடக் கூடச் சூடு மேலும் பிறக்கும். 238 டிகிரி எட்டு மில்லிக்கு உண்டான எண். குடோனுக்கு உண்டான எண் அதைவிட எவ்வளவோ கீழே இருக்கிறது.

இந்தக் கணக்கை முதலில் போட்டவர்கள் ரஷ்ய விஞ்ஞானிகள். நிக்கோலாய் செமியோனோவ் 1928-ல் வெப்பத்தால் நிகழும் வெடிப்புக்கு அடிப்படைக் கோட்பாட்டைத் தந்தார்; வேதிவினைகளின் இயக்கத்தைப் பற்றிய ஆய்வுகளுக்காக 1956-ல் நோபல் பரிசு பெற்றார். அவரோடு பணியாற்றிய ஃபிராங்க்-கமெனெட்ஸ்கி, நடுவில் சூடு அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் இருக்கும் குவியலுக்கு அந்தக் கோட்பாட்டை விரித்தார். ஒரே பொருளை நாலைந்து அளவுள்ள கூடைகளில் வைத்து, ஒவ்வொரு கூடையும் எந்த வெப்பத்தில் பற்றுகிறது, எந்த வெப்பத்தில் பற்றாமல் தப்புகிறது என்று கண்டுபிடித்து, அவர் சொன்ன விதத்தில் வரைபடத்தில் குறித்தால் புள்ளிகள் நேர்கோட்டில் விழும். அந்தக் கோட்டை நீட்டினால் குடோன் அளவுக்கு என்ன வெப்பநிலை என்று மதிப்பிட்டுவிடலாம். தூள்களுக்கு இதைச் செய்யும் முறை ஐரோப்பாவில் இ.என். 15188 என்ற தரநிலையாக 2007-ல் வந்தது. செலவு பிடிக்கும், வாரக்கணக்கில் ஆகும். அதனால் கேட்டு வருகிறவர்கள் குறைவு. என்னைக் கேட்டால், கிட்டங்கியில் குவித்து வைக்கிற எவருக்கும் செய்ய வேண்டிய சோதனை இதுதான், ஏ.16 இல்லை.

ஏற்றுமதிச் சரக்குக்கு ஐக்கிய நாடுகளின் சோதனைக் கையேட்டில் என்.4 என்று ஒன்று இருக்கிறது. அதற்குப் பின்னால் இருப்பதும் கரிதான். இங்கிலாந்தில் தீ ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த பவுஸ், கேமரன் என்ற இருவர் ஆக்டிவேட்டட் கார்பன் தானாகச் சூடாவதை ஆராய்ந்து 1971-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் பெயரிலேயே ‘பவுஸ்-கேமரன் கூண்டு’ என்று நாங்கள் பேச்சில் சொல்லும் சோதனை இது. பக்கத்துக்கு 100 மில்லிமீட்டர் கனசதுரம், அதாவது ஒரு லிட்டர். அதை 140 டிகிரி ஓவனில் 24 மணி நேரம் வைக்க வேண்டும். பற்றினாலோ, நடுவெப்பம் 200-ஐத் தாண்டினாலோ அது தானாகச் சூடாகும் பொருள். 140 எங்கிருந்து வந்தது? மூன்று மீட்டர் கனசதுரமாக, 27 கனமீட்டர் கரியைக் குவித்தால் 50 டிகிரியிலேயே பற்றக்கூடும். அதே கரி ஒரு லிட்டர் கூடையில் பற்றுவது 140-ல். அந்தப் பொருத்தத்தை வைத்து அமைத்த எண். இருபது அடி கண்டெய்னரின் உள்ளளவு சுமார் 33 கனமீட்டர் என்பதைச் சேர்த்து நினைத்துப் பாருங்கள். தூத்துக்குடி வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டியின் உட்புறச் சூட்டையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

வியாபாரியிடம், புதிதாகச் சுட்ட கரி கொண்டு வரச் சொன்னேன். ஒரு நிபந்தனை போட்டேன்: ஆறியதும் காற்றுப் புகாத தகர டின்னில் அடைக்க வேண்டும், சுட்ட தேதியை டின் மேல் எழுத வேண்டும். ஏனென்றால் முதல் தடவை நான் விட்ட பிழை எனக்கு அதற்குள் உறைத்துவிட்டது. அந்தப் பாலித்தீன் பை அவர் மேஜையிலும் பார்சல் ஆபீஸிலும் எங்கள் அலமாரியிலுமாக மூன்று வாரம் கிடந்திருக்கிறது. புதுக் கரிதான் ஆக்சிஜனை வெறியோடு இழுக்கும்; நாளாக நாளாக அந்த வேகம் அடங்கிவிடும். என்னிடம் வந்தது சூறை ஓய்ந்த கரி. குடோனில் கொட்டியது அன்றன்றைக்குச் சுட்ட கரி. பெயர் ஒன்று, பொருள் வேறு. அதற்குப் பிறகு எந்தக் கரி சாம்பிளையும் சுட்ட தேதி இல்லாமல் நான் பதிவு செய்ததில்லை.

டின்னோடு அவரே வந்தார். இரவு பதினொரு மணிக்கு 140-ல் நிலைத்திருந்த ஓவனில் கூடையை வைத்தோம். ஊருக்குப் போகச் சொன்னேன், போகவில்லை. ஸ்டூலைப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணிக்கு நடுவெப்பம் 140-ஐக் கடந்தது. “தாண்டிருச்சுங்க” என்றார். மூன்று இருபதுக்கு 200. ஓவன் 140-லேயே நிற்கிறது. உள்ளே மட்டும் ஏறுகிறது. மூன்று ஐம்பதுக்கு 400-ஐயும் தாண்டியபோது சூட்டை நிறுத்தி, நைட்ரஜனைத் திறந்துவிட்டு, பார்வைக் கண்ணாடி வழியே அவரைப் பார்க்கச் சொன்னேன். வலையின் ஒரு பக்கம் மங்கலாகச் சிவந்திருந்தது. ஜுவாலை இல்லை, சத்தமும் இல்லை.

காலையில் முழுக்க ஆறிய பிறகு கூடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்தோம். நாலு மூலையிலும் கரி வைத்தது வைத்தபடி கறுப்பாக இருந்தது. நடுவிலிருந்து ஒரு பக்கம்வரை வெளிறிய சாம்பல். அவர் சுண்டுவிரலால் சாம்பலைத் தொட்டுப் பார்த்து, “உள்ள இருந்துதானுங்க வருது” என்றார்.

அதே சுடுகையின் மிச்சக் கரியை அவர் ஊரில் கூரைக்கடியில் கணுக்கால் உயரத்துக்குப் பரப்பி, தினம் ஒரு தடவை கிளறிவிட்டு, பதினைந்து நாள் கழித்து மறுபடி கொண்டு வந்தார். அதே கூடை, அதே 140. நடுவெப்பம் 171 வரை ஏறி, அங்கேயே சிறிது நேரம் நின்று, மெல்ல இறங்கிவிட்டது. இருபத்து நாலு மணி நேரமும் கடந்தது. தேறிவிட்டது. செலவு என்று பார்த்தால் ஒரு கூரையும் ஒரு ஆள் கூலியும்தான்.

கரியை மட்டும் சொன்னால் மற்றதெல்லாம் பத்திரம் என்று ஆகிவிடும். நம் வீட்டுப் பொருள்கள் பலவும் ஐக்கிய நாடுகளின் ஆபத்துச் சரக்குப் பட்டியலில் இருக்கின்றன. கொப்பரைக்கு யூ.என். எண் 1363. எண்ணெய் மிச்சமுள்ள புண்ணாக்குக்கு 1386. பதப்படுத்தாத மீன்தூளுக்கு 1374. பட்டறையில் எண்ணெய் துடைத்து மூலையில் எறியும் பனியன் வேஸ்ட்டும் இந்தக் குடும்பம்தான். ஆளிவிதை எண்ணெய் போல உலரும் எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டிப் போட்டால் சில மணி நேரத்திலேயே புகையலாம். திருப்பூரிலும் ஈரோட்டிலும் சாயப்பட்டறைக்காரர்கள் ஹைட்ரோஸ் என்று வாங்கும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டின் எண் 1384. ஈரக் கரண்டியை டிரம்முக்குள் விட்டாலே சூடேறத் தொடங்கிவிடும். மூக்கைத் துளைக்கும் கந்தக நெடி வந்தால், உள்ளே வினை ஓடுகிறது என்று அர்த்தம். அதன் டிரம்மை மூடாமல் வைத்திருந்த பட்டறைகளைப் பார்த்து வயிறு கலங்கியிருக்கிறேன்.

கரியைக் கப்பலில் அனுப்பும் விதி இப்போது மாறிவிட்டது. முன்பெல்லாம் என்.4 தேறிய கரியைச் சாதாரணச் சரக்காகவே அனுப்ப வழி இருந்தது. கடல்வழி ஆபத்துச் சரக்குகளுக்கான சர்வதேச விதித்தொகுப்பின் 42-24 திருத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். சோதனை முடிவு எதுவானாலும் கரி ஆபத்துச் சரக்குதான். மூட்டை பிடிப்பதற்கு முன் குறைந்தது 14 நாள் கூரையின் கீழ் காற்றாட வைப்பது, மூட்டை பிடிக்கும் நாளில் 40 டிகிரிக்கு மேல் இல்லாமல் இருப்பது, கண்டெய்னரில் சரக்குக்கும் மேல்தகட்டுக்கும் நடுவே 30 சென்டிமீட்டர் இடைவெளி விடுவது என்று நிபந்தனைகளும் வந்துவிட்டன. ஆய்வகத்தின் சான்றிதழுக்கு மதிப்புக் குறைந்துவிட்டதே என்று கூட வேலை பார்த்தவர்கள் வருத்தப்பட்டார்கள். எனக்கு மகிழ்ச்சி. ஒரு லிட்டர் கூடையில் தேறியதை வைத்து ஒரு கண்டெய்னருக்குச் சான்று கொடுக்கும்போதெல்லாம், அந்த ஒரு கிலோ எந்த மூட்டையிலிருந்து, எந்த நாள் சுட்டதிலிருந்து வந்தது என்ற கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கூரையின் கீழ் பதினாலு நாள் ஆறிய கரிக்கு அந்த உறுத்தல் கிடையாது.

காங்கேயத்துக்காரர் சம்பவத்துக்குப் பிறகு நான் கையெழுத்திட்ட ஒவ்வொரு ஏ.16 ரிப்போர்ட்டிலும், எண்ணுக்குக் கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். மேலதிகாரிகள் முதலில் ஒப்பவில்லை; சோதனை முறை கேட்காததை ஏன் எழுத வேண்டும் என்றார்கள். எழுதாவிட்டால் கையெழுத்திட மாட்டேன் என்று நின்றேன். ‘இந்த வெப்பநிலை 8 மில்லிலிட்டர் பொருளுக்கு, நிமிடத்துக்கு 0.5 டிகிரி சூடேற்றத்தில் கண்டது. மொத்தமாகச் சேமிக்கும்போது இதைவிட மிகக் குறைந்த வெப்பத்திலும் தீப்பற்றக்கூடும்.’ நான் ஓய்வு பெறும்வரை அந்த வரி இருந்தது.

கரியோ புண்ணாக்கோ சாயப்பொடியோ, மொத்தமாகக் கிட்டங்கியில் வைத்திருப்பவர்கள் உங்கள் கையிலுள்ள ரிப்போர்ட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் கூடையின் அளவும், சாம்பிள் எடுத்த தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆய்வகத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள். சொல்வது அவர்கள் கடமை.